அரிசி நிறைந்திருக்கிறது

இன்று காலை அரிசி டின்னுக்குள் உழக்கை விட்டேன். அடித்தகரத்தில் உரசிய சத்தம் கேட்டது. கையை எடுக்கத் தோன்றாமல் குனிந்தபடியே நின்றேன். நீ போனபிறகு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். கடைக்குப் போக வேண்டுமே என்று நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

அந்தச் சத்தத்தில் உன் ஆங்கிலப் பாடம் நினைவுக்கு வந்தது. அயர்லாந்தில் நம் மகன் கட்டிக்கொண்ட பெண்ணுக்குத் தமிழ் வராது. உனக்கு ஆங்கிலம் வராது. போனில் நான்தான் இருவருக்கும் நடுவில். ஒருநாள் சொல்லிவிட்டாய்: "நீங்க சொன்னா அது ஒங்க பேச்சாத்தான் இருக்கு. எம் மருமககிட்ட நானே பேசணும். சொல்லிக் குடுங்க."

பள்ளிக்கூடத்துப் பழக்கம், எடுத்துக்காட்டோடு ஆரம்பித்தேன். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. "இத்தன வருசமா ஒங்கள நான் பண்றேனே, அதுதான?" என்றாய். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. அதில்தான் தகராறு. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பார் என்றேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இதென்ன பேச்சு? வேணும்னா பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொல்றேன். அரிசியச் சொல்ல மாட்டேன்."

நம் பக்கத்தில் அரிசி தீர்ந்தாலும் நிறைந்திருக்கிறது என்றுதானே சொல்வோம். அந்த வாரப் போனிலேயே மருமகளிடம் "ரைஸ் இஸ் ஃபுல்" என்றாய். டின் நிறைய இருப்பதாக அல்லவா நினைப்பாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க அங்கிட்டுப் போங்க. நான் புரிய வச்சுக்கிறேன்" என்று போனோடு அடுப்படிக்குள் போய்விட்டாய். என்ன பேசினீர்களோ, சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது.

இன்று உழக்கும் கையுமாக நிற்கும்போதே மருமகள் போனில் கூப்பிட்டாள். வீட்டில் ஏதாவது தீர்ந்துவிட்டதா, மாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்த வாக்கியம்; எனக்கு வாயில் வரவில்லை. "ரைஸ் இஸ் ஃபுல்" என்றேன்.

அப்படியென்றால் இன்றைக்கே கடைக்குப் போங்கள் என்றாள். டின்னை வழித்துவிடாதீர்கள், அடியில் ஒரு பிடி கிடக்க வேண்டும் என்று அத்தை சொல்வார்களே என்றாள்.

அதை எந்த வார்த்தைகளில் அவளுக்குச் சொன்னாய்? நான் சொல்லித்தரவில்லையே.

உழக்கில் அள்ளியிருந்த கடைசி அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப டின்னில் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு திருமயம் பஸ் ஏறினேன். அலுப்பு போய்விடவில்லை. ஆனால் புது அரிசியை அந்தப் பிடியின் மேல்தான் கொட்டியிருக்கிறேன்.