இரண்டு முறை வரும் நாற்பது

அன்புள்ள ஜோசலினுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நாங்கள் மூன்று பேரும் கர்த்தருடைய கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொன்னால் மிகையாகிவிடும். அப்பாவுக்கு மறுபடியும் ஏர்போர்ட்டில் இரவு ஷிஃப்ட், தண்ணீர் லாரி மூன்று நாளாக வரவில்லை, எனக்கு முழங்கால் வலி. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டாலே தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு வராது. அதனால் நிஷா ஆன்ட்டியின் நாத்தனார் லீட்ஸுக்கு வரும்போது மிளகாய்ப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய காமெடித் தொடரை நானும் நிஷாவும் சனிக்கிழமை பார்த்தோம். நாலு சிநேகிதிகளுக்கும் ஒரே வருஷத்தில் முப்பது வயதாகிறது, ஒருத்தி குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள், இன்னொருத்தி கேக்கில் எண் போடக் கூடாதென்று பேக்கரிக்காரரோடு சண்டை பிடிக்கிறாள். முப்பதுக்கே இன்னாடி இந்த அழுகை, எனக்கு முப்பது வந்த அன்னிக்கு நான் கொழந்தைக்குப் பால் குடுத்த பாலாடை கழுவிக்கினு இருந்தேன் என்று நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சினு கீற என்று விடாமல் கேட்டாள், பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளிடம் எதையும் மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். பதினொரு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிற என் நூலக வேலையை இந்த வருஷம் நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஆனால் ஜூன் முதல் தேதியில் நாற்பது முடிந்திருக்கக் கூடாதாம். நான் பிறந்தது செப்டம்பர் பத்தொன்பது, ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆலயத்தில் அந்த மாதம்தான் என் பெயரை வாசித்து ஜெபம் பண்ணுவார்கள். பள்ளிச் சான்றிதழிலோ மே மூன்று. ஐந்து முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பதால் தாத்தா வயதைக் கூட்டி எழுதிவிட்டார். காகிதத்தில் எனக்கு நாற்பது முடிந்தாகிவிட்டது, மே மாதம் லைப்ரரியில் கேக் கூட வெட்டினார்கள். தேதி தவறு என்று தகப்பனார் எழுத்தில் கொடுத்தால் கமிட்டியில் வைத்துப் பார்க்கிறேன் என்று சூப்பிரண்டு சுப்ரமணியன் சார் சொன்னார். அதைத் தாத்தாவிடம் எப்படிக் கேட்பது? இதே மாதிரி வயதைக் கூட்டிக்கொண்டு வந்த எத்தனை பெற்றோரைத் தலைமையாசிரியராக இருந்தபோது அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். கேட்க மாட்டேன் என்று நிஷாவிடம் சொன்னேன். ஒரே வருஷத்துல ரெண்டு தபா நாப்பது, அவளுங்க ஒரு தபாவுக்கே அந்த அழு அழுவுறாளுங்க, நீ இன்னும் பாத்ரூம் கதவைக்கூடச் சாத்தலியேடி என்றாள். மறுநாள் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலேயே தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மேஜைமேல் ஒரு முழுத்தாள், தாத்தாவின் மணிமணியான கையெழுத்து. என் மகள் ஜெயப்ரியாவின் பிறந்த தேதியைத் தெரிந்தே தவறாகக் கொடுத்தேன் என்று தொடங்கியிருந்தார். கீழே காரணமும் எழுதியிருந்தார். அந்த வருஷம் பிள்ளையின் தாய் காசநோயால் சானடோரியத்தில் இருந்தாள், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, நான் வேலை பார்த்த பள்ளிக்கே கூட்டிப்போக வேறு வழி தெரியவில்லை என்று. நான் நின்றபடியே படித்தேன். நீ கெட்டிக்காரி, நாலரை வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தாய், அதனால்தான் சீக்கிரம் சேர்த்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லப்பட்டது, அதை நம்பித்தான் புத்தகமும் கையுமாக வளர்ந்தேன். அந்த வருஷம் பாட்டி வண்டலூரில் பெரியம்மா வீட்டில் இருந்ததாகத்தான் நினைவு. கேட்டேன். காசம்னு தெரிஞ்சா உன்னை ஒரு வீட்டுலயும் உள்ள விட மாட்டாங்கம்மா, அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன், அந்த அப்புறம் வரவே இல்லை என்றார். அந்த வரிகள் வேண்டாம்ப்பா, தேதி தவறு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் போதும் என்றேன். என்னை இன்னொரு பொய் எழுதச் சொல்றியா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவரே என்னோடு வந்து கொடுத்தார். சுப்ரமணியன் சார் படித்துவிட்டு எழுந்து நின்றார், உறுதி சொல்ல முடியாது சார், கமிட்டி அடுத்த மாதம்தான் கூடும் என்றார். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை, யோசிக்கவும் களைப்பாக இருக்கிறது.

நீ ஸ்வெட்டரில்லாமல் வெளியே போகாதே, ராத்திரிக்கு ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் சோறு வை, உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது தாத்தாவிடம் என் வேலையைப் பற்றிப் பேசாதே, பாட்டியைப் பற்றிக் கேள். தினமும் பள்ளி விட்டதும் என்னைச் சானடோரியம் கேட்டுக்குப் பக்கத்தில் பூக்காரம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே போவாராம், பாட்டி ஜன்னல் வழியாக என்னைத் தேடிப் பார்ப்பாளாம். அதுவரை சொன்னார். மீதியை நீதான் கேட்க வேண்டும், எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஜெயப்ரியா
கிழக்குத் தாம்பரம்