பலகையில் அறுபத்தாறு

ஜனவரி 4, சனி

லொரேனின் கம்ப்யூட்டர் கடைப் பலகையில் ட்ரெவர் பெயருக்கு நேரே அறுபத்தாறு. என் பெயருக்கு நேரே தொண்ணூறு.

இருவரிடமும் ஒரே பிராசசர் சில்லு. ஒரே சரக்கிலிருந்து லொரேன் தன் கையால் எடுத்துத் தந்தது. கம்பெனி சொன்ன வேகத்தைத் தாண்டி எல்லோரும் ஒரே அளவுக்கு முடுக்க வேண்டும். அரை மணி நேரம் அதைப் பிழிந்தெடுத்து, எத்தனை டிகிரிக்குச் சூடேறியது என்று பலகையில் எழுத வேண்டும். தண்ணீர்க் குழாய் வைத்துக் குளிர்விக்கக் கூடாது. காற்று மட்டும். பிராசசர் தலையில் ஒரு உலோகக் கூலர், அதில் ஃபேன், அவ்வளவுதான். பிப்ரவரியில் யார் எண் குறைவோ அவருக்குக் கடையில் ரிப்பேர் மேஜை வேலை. இப்போது இருப்பவன் அரிசோனா போகிறான். வேலைக்கு ஆள் எடுக்க இதைவிட மட்டமான வழிகளைப் பார்த்திருக்கிறேன்.

அறை வெப்பத்துக்கும் பலகையில் ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் எழுபது என்றே எழுதுவோம், ஃபாரன்ஹீட்டில்; செல்சியஸில் இருபத்தொன்று. சில்லுக்கு செல்சியஸ், வீட்டுக்கு ஃபாரன்ஹீட். எங்கள் மண்டை அப்படி. யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ட்ரெவர் என் எண்ணைப் பார்த்துவிட்டு, "நீமி, உன் கூலர்ல சூப் வைக்கிறியாடா?" என்றான். கடையே சிரித்தது. லொரேனும்.

எனக்கு அந்த மேஜை வேண்டும். வேறு எதுவும் இந்த வருடம் வேண்டாம்.

ஜனவரி 6

அறுபத்தாறு. எப்படிடா?

ஜனவரி 9

கிடங்கு. ஐஸ்கிரீம், உறைந்த மீன், உறைந்த பீட்சா. உள்ளே மைனஸ் பத்து, ஷிஃப்ட் முழுக்க. மூக்கு மயிரில் பனி. வெளியே வந்தால் டுலூத் நகரத்து ஜனவரி, அதுவும் அதே லட்சணம். வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். ரேடியேட்டரின் திருகு உடைந்திருக்கிறது, அணைக்க முடியாது. வீட்டுக்காரரிடம் நவம்பரிலிருந்து சொல்கிறேன். பனிக்காலத்தில் பனியனோடு உட்கார்ந்து வியர்க்கிறேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லீராயிடம் பலகை விஷயத்தைச் சொன்னேன். தொண்டைக்குள் சிரித்தார். "ஏன்டா, நாள் முழுக்க ஃப்ரீசர்ல நின்னுட்டு, வீட்டுக்குப் போய் எது சூடாகுதுன்னு பாத்துட்டு உக்காந்திருக்கியா?"

"வேலை கிடைக்கும் லீராய்."

"அந்த இன்னொரு பையன் யாரு?"

"ஹால்வர்சன் மகன். கார் ஷோரூம் வச்சிருக்காங்களே, அவங்க வீட்டுப் பையன்."

"அட," என்றார். ஃபோர்க்லிஃப்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 14

ட்ரெவர் வைத்திருக்கும் அதே கூலரை வாங்கினேன். ஒற்றைக் கோபுரம்: அலுமினியத் தகடுகளை மாடிமாடியாக அடுக்கி, நடுவே செப்புக் குழாய்கள், முன்னால் ஒரு ஃபேன். மலிவானதுதான். லொரேன் அலமாரியைக் காட்டி, "உன் பெட்டிக்கு இரட்டைக் கோபுரம்தான் நான் சொல்லுவேன்," என்றாள். நான் கேட்கவில்லை. இதிலேயே அவனுக்கு அறுபத்தாறு வருகிறதே, எனக்கு வராதா?

தொண்ணூற்றிரண்டு. பழைய கூலரைவிட மோசம்.

சில்லுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி பூசினேன். பட்டாணி அளவு. தொண்ணூற்றிரண்டு. அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தேனா என்று கழற்றிப் பார்த்தேன். உரித்திருந்தேன். ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டேனா? இல்லை. தொண்ணூற்றிரண்டு.

ஜனவரி 15

சில்லுகளிலும் பிறப்பு உண்டு. ஒரே தட்டில் வெந்தவை, ஒரே பெயர், ஒரே விலை. சிலது கொஞ்சம் மின்சாரத்திலேயே ஓடும், சூடாகாது. சிலது உயிரை வாங்கும். வாங்கும்போது தெரியாது. லாட்டரி என்போம்.

நல்ல சில்லும் அவன் மடியில்தான் விழ வேண்டுமா? ஏரியைப் பார்த்த வீடு, அப்பாவின் கார்கள், நேரான பல்வரிசை. போதாதென்று இதுவும். அவனுக்கு அந்த மேஜை எதற்கு? பொழுதுபோக்கு. எனக்குச் சோறு.

என் அப்பா எனக்குக் கொடுத்தது நீமி என்ற பெயரும் கெட்ட முதுகும்.

ஜனவரி 25, சனி

ட்ரெவரின் கைகளைப் பார்த்தேன். முட்டியெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. பனிச்சறுக்கு போயிருப்பான். வாரநாளில் பனிச்சறுக்கு! கடையில் இலவசக் காப்பியை மூன்று கோப்பை குடித்தான், கோட்டைக்கூடக் கழற்றாமல். பணக்காரனுக்குத்தான் இலவசம் இனிக்கும்.

"எப்படி அறுபத்தாறு?" என்று நேராகவே கேட்டேன்.

"பேஸ்ட் நல்லா பூசணும் மச்சான்."

மச்சானாம்.

பிப்ரவரி 1, சனி

இரட்டைக் கோபுரம் வாங்கிவிட்டேன். செங்கல் கனம். முன் ஃபேன் மெமரி பட்டையின் மேல் இடிக்கிறது, அதனால் ஃபேனை ஒரு விரல் உயர்த்தி மாட்டினேன். உயர்த்தியதும் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு மூடவில்லை. திறந்தே கிடக்கட்டும்.

எண்பத்து மூன்று. நல்ல எண். எந்த ஊரிலும் நல்ல எண். அறுபத்தாறுக்குப் பக்கத்தில் எழுதினால் குப்பை.

கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வீட்டுல எடுத்த எண்ணை யாரு பாத்தா? எல்லாரும் பெட்டியை இங்க தூக்கிட்டு வரட்டும். ஒரே மேஜை, ஒரே காத்து."

லொரேன் கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "யாரையாவது திருடன்கிறியா கண்ணா?"

"இல்ல. பாக்கணும்கிறேன்."

"சரி. இருபத்திரண்டாம் தேதி. சனிக்கிழமை காலை."

ட்ரெவர் முகம் வெளுத்தது. பார்த்தேன். ரசித்தேன்.

பிப்ரவரி 12

இன்னும் வெளுத்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 22, சனி

எழுதிவிட வேண்டும்.

காலையில் வெளியே மைனஸ் பத்தொன்பது. ட்ரெவரிடமிருந்து போன்.

"நீமி, கார் ஸ்டார்ட் ஆகல. வந்து ஏத்திக்கிறியா?"

"என்னையா கேக்குற?"

"மூணு பேரைக் கேட்டுட்டேன். ஒருத்தனும் வரல."

"உங்கப்பாகிட்ட நூறு கார் நிக்குதே."

"வர்றியா, இல்லையாடா?"

போனேன். நல்ல மனசால் இல்லை. அந்த வீட்டை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அவன் அனுப்பிய விலாசம் ஏரிப் பக்கம் இல்லை. மேற்கே, ஒரு சந்தின் பின்னால், யாரோ வாடகைக்கு விட்ட கார் கொட்டகை.

கதவைத் தூக்கிவிட்டான். சரக்குப் பலகைகள் மேல் மெத்தை, தூக்கப் பை. ஒரு மேஜை, அதில் கம்ப்யூட்டர். தண்ணீர் பாட்டில் கல்லாக உறைந்து கிடந்தது. அவன் பேசப் பேச வாயிலிருந்து புகை.

"இங்க என்னடா பண்ற?"

"இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"அக்டோபர். ஷோரூம்ல கார் விக்க மாட்டேன்னு சொன்னேன். அப்ப என் வீட்டுல இருக்காதன்னாரு. வந்துட்டேன்."

மூலையில் ஒரு சின்ன ஹீட்டர். அணைந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"ஹீட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே லைன். சேத்துப் போட்டா கரண்ட் போயிடும். ஒண்ணு நான் சூடா இருக்கணும், இல்ல அது ஓடணும். நேத்து ராத்திரி ஹீட்டரும் செத்துப்போச்சு."

"அப்போ அந்த அறுபத்தாறு..."

"கோட்டு, தொப்பி, கையுறை. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருப்பேன்."

"ரூம் எழுபதுன்னு எழுதினியேடா!"

"நீ என்ன எழுதின?"

நானும் எழுபது. என் அறை எண்பதுக்குக் குறையாது. நான் பொய் என்று நினைத்து எழுதவில்லை. அவனும் அப்படித்தானோ? இல்லை, அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினான். எனக்கும்தான் தெரியும், பனியனோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அப்புறம்தான் அந்த பாட்டிலை மறுபடி பார்த்தேன்.

வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சொல்லப் போறியா?"

"தெரியல."

"இந்த வேலை கிடைச்சா ஒரு ரூம் எடுக்கலாம்னு பாத்தேன்."

"எனக்கு ஃப்ரீசரை விட்டு வெளிய வரணும்."

"உனக்கு வீடு சூடாத்தானே இருக்கு?"

ஆமாம், சூடுதான். அதைத் திட்டித் திட்டி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

கடையில் கூட்டம். காப்பி ஆவி, ஈர பூட்ஸ். லொரேன் வரிசையாகக் கூப்பிட்டாள். ட்ரெவர் முதல் ஆள். அவனுக்கு முடித்துவிட்டு ஓட வேண்டும் போல அவசரம். பெட்டியை மேஜையில் வைத்து வயரைச் சொருகினான். பக்கத்தில் நின்றவன் நான். கூலர் தகடுகளில் மெல்லிய பனிப்படலம் பூத்து, துளியாகத் திரண்டு, ஒரு துளி போர்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுக்கும் எதுவும் வியர்க்கும். அதில்தான் நான் நாள் முழுக்க நிற்கிறேன். அவன் விரல் பொத்தான்மேல். விட்டிருந்தால் போர்டு கருகியிருக்கும், ஒருவேளை சில்லும். நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன், சும்மா நின்றிருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "போடாத! வேர்க்குது பாரு!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். லொரேன் விரலால் தொட்டாள். "இது எங்கடா கிடந்துச்சு? கொட்டகையிலயா?"

ட்ரெவருக்குக் காதெல்லாம் சிவப்பு.

"என் டிரக்குல," என்றேன். "பின்னாடி திறந்த இடத்துல போட்டு எடுத்துட்டு வந்தேன். உள்ள இடம் இல்ல."

"மைனஸ் பத்தொன்பதுல? நீ என்ன மாடா?"

"ஆமா."

காயும்வரை அவன் முறையைத் தள்ளிவைத்தாள். மதியத்துக்கு மேல் ஓட்டினார்கள். அவனுக்கு எண்பத்து நான்கு. எனக்கு எழுபத்தேழு. மற்ற யாரும் எண்பதுக்குக் கீழே இல்லை.

"அறுபத்தாறு எங்கப்பா போச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"சென்சார் தப்பாக் காட்டியிருக்கும்," என்றான் ட்ரெவர். சிரித்தார்கள். ஏமாற்றுக்காரன் என்று இன்னொருவன் சத்தமாகவே சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. லொரேன் என் கையைக் குலுக்கினாள்.

பிறகு அவனைக் கொண்டுபோய் அந்தக் கொட்டகையிலேயே இறக்கிவிட்டேன். நானேதான். அவன் நன்றி சொன்னான்.

பிப்ரவரி 23

இன்னும் குளிர். போய் அழைத்து வந்துவிட்டேன். சோபா. ஒரு வாரம்தான் என்று சொல்லியிருக்கிறேன். ரேடியேட்டரைக் கட்டிப்பிடிக்காத குறை. "சொர்க்கம்டா," என்கிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏன்?

மார்ச் 3

மேஜையில் முதல் நாள். ஒரு பாட்டியம்மாவின் மடிக்கணினியிலிருந்து ரொட்டித் துகள் ஒரு கைப்பிடி எடுத்தேன். மூக்கு உறையவில்லை. மதியம் கழிவறையில் நின்று கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 10

கிடங்கில் என் இடத்துக்கு ட்ரெவர் போயிருக்கிறான். அவனே கேட்டுப் போனான். லீராய் போன் செய்தார்: "உன் கோட்டையே குடுத்துட்டேன். பேர்ப் பட்டையைப் பிரிக்கல. நாங்க அவனையும் நீமின்னுதான் கூப்பிடுறோம். பழகிக்கிட்டான்."

"எப்படி செய்றான்?"

"உன்னைவிட நல்லா. குளிரே உறைக்கல பையனுக்கு."

ஷோரூம் மகன் ஃப்ரீசரில். இரண்டு மாதம் முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் கொண்டாடியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

ட்ரெவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். வீட்டில் நான் மட்டும். என் இரட்டைக் கோபுரத்தைக் கழற்றி அவன் பிராசசர் மேல் மாட்டினேன். எதற்கு? சும்மா. தெரிந்துகொள்ள. அதே அறை, அதே ரேடியேட்டர், அதே வேகம். அரை மணி நேரம்.

எண்பது.

இதே இடத்தில் என்னுடையது எண்பத்து மூன்று.

மறுபடி ஓட்டினேன். எண்பது. பாவி. அவனிடம் இந்தக் கூலர் இருந்திருந்தால் அந்த மேஜையில் அவன் உட்கார்ந்திருப்பான். அவனால் இதை வாங்க முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான். லாட்டரியில் அவனுக்கு விழுந்தது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் வரும்போது பெட்டி திறந்து கிடந்தது. என் விரலெல்லாம் பேஸ்ட். கோட்டோடு வாசலில் நின்று பார்த்தான்.

"உன் கூலரை என்னுதுல மாட்டினியா?"

"ஆமா."

"எவ்வளவு காட்டிச்சு?"

"எண்பத்தஞ்சு."

கோட்டைக் கழற்றினான். தோள் இறங்கியது. "அப்போ உன்னுதுதான் மேல். சரிதான்டா. அதே மண்டையைக் குடைஞ்சுட்டு இருந்துச்சு. நியாயமாத்தான் தோத்திருக்கேன்."

சூப் டப்பாவைத் திறந்து சூடுபண்ணி எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தான். கிண்ணத்தைக் கழுவினான். சோபாவில் படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை. இங்கே வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு சீக்கிரம் தூங்கியதில்லை.

நான் என் கூலரைக் கழற்றி என் பெட்டியிலேயே மாட்டினேன். பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, அவனுடையதில் பழைய ஒற்றைக் கோபுரத்தை வைத்து, நான்கு திருகும் இறுக்கினேன்.