வெட்டச் சொன்ன வாக்கியம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான்கு நாளாகப் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். கடிதம் என்றால் பிரித்தாவது பார்ப்பாய் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. மருந்துக்கடையில் நிற்பவர்களிடமெல்லாம், சின்னவள் தொழிலாளர் உறவும் வணிகச் சட்டமும் சேர்ந்த மேற்படிப்புப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் விழிப்பார். பாம்பையும் கீரியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று நான்தான் விளக்கம் சொல்வேன். இப்போது அந்தக் கேலி எனக்கு வாயில் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் சலவை ஆலை கைமாறியது உனக்குத் தெரியும். புது நிர்வாகம் எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டது. வாங்கியதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நீ பயிற்சிக்குப் போகும் வக்கீல் அலுவலகத்தில் எழுதக் கொடுத்தார்கள் என்று சொல்லி, எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிறதா பார் என்று எனக்குப் போனில் அனுப்பினாயே, அதேதான். மூன்று பக்கம் யாரும் படிக்கமாட்டார்கள், ஒரு பக்கத்துக்குள் அடக்கு, அந்த நீளமான வாக்கியத்தை வெட்டு என்று சொன்னவள் நான். சொன்னபடியே எல்லாம் திருத்தியிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எங்கள் உயரக்காரியை உனக்கு நினைவிருக்கும். படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுப்பவள், உன்னைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டாள். நான்கு மாதம் முன்பு அந்த உருளை அவள் வலது கையை உள்ளே இழுத்துவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "இதுல போட்டா என் கை கேஸு அடிபட்டுப் போயிடாதே?" என்று கேட்டாள். "என் தங்கச்சி எழுதினது, யோசிக்காம போடு" என்றேன். இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாள். அவளைப் பார்த்து மற்ற பதினொரு பேரும் போட்டார்கள்.

பழைய கோரிக்கைகள் எல்லாவற்றையும் கைவிடுவதாக அதில் இருக்கிறது, கை விஷயமும் அதில் அடக்கம் என்று இப்போது நிர்வாகம் சொல்கிறது. அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுகிறாள். முன்பெல்லாம் என்னிடம்தான் நீட்டுவாள்.

நீ முதலில் அனுப்பிய மூன்று பக்கமும் இன்னும் என் போனில் இருக்கிறது. எடுத்துப் படித்தேன். வேலையில் பட்ட காயத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையும் இதனால் போய்விடும், கையெழுத்திடும் முன் சங்கத்தையோ வக்கீலையோ கேட்டுக்கொள்ளவும் என்று இருக்கிறது, நான் வெட்டச் சொன்ன வாக்கியத்தில். நான் படிக்காதவள், நீளமாக இருக்கிறதே என்று பார்த்தேன். நீ எதைப் பார்த்து வெட்டினாய்? அது எங்கள் ஆலைக்குத்தான் வரப்போகிறது என்று உனக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் அவளுடைய விசாரணை. அந்த வாக்கியம் முதலில் இருந்தது, பிறகு எடுத்தார்கள் என்று காட்ட முடிந்தால் கையெழுத்து செல்லாமல் போக வழியுண்டு என்கிறார் சங்கத்துக்காரர். அலுவலகக் காகிதத்தை வெளியே அனுப்பியவளின் படிப்பு என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார். அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை.

அன்று நான் என் போனைக் கொடுக்கப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ வந்து நின்றால் நீயே சொன்னதாக இருக்கும். வராவிட்டால் நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். என்னை அப்படிச் செய்ய வைக்காதே, கண்ணு.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்பது மணியிலிருந்து வாசலில் நிற்பேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா