வியாழக்கிழமையின் பன்னிரண்டு நிமிடங்கள்

மச்சான்,

உன் வாட்ச்சின் பழைய தோல் ஸ்ட்ராப் என் மேஜையில் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் அதே நெடி, வியர்வையும் லேத் மெஷினில் ஊற்றும் கூலண்ட் எண்ணெயும் கலந்து லேசாகப் புளித்தது. "கையக் கழுவிட்டு வாட்ச்சத் தொடுடா" என்று உன்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன். "லேத்துக்காரன் கை வேற எப்படிடா மணக்கும், மல்லிப்பூவா?" என்பாய். இந்த ஸ்ட்ராப் எப்படி என்னிடம் வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். "மேட்டருக்கு வா" என்று நடுவில் வெட்ட இப்போது நீ இல்லை.

முதலில் நீ எனக்கு வெறும் ஒரு கமெண்ட். விலை குறைந்த பழைய சாவி வாட்ச்சுகளுக்கான குரூப்பில் யாரோ ஒரு வாட்ச்சை விற்கப் போட்டிருந்தார். டயல் ஒரு வாட்ச்சுடையது, முள் இன்னொன்றுடையது, சாவிக் குமிழ் மூன்றாவதுடையது என்று நான் படத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு நீளமாக எழுதினேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற ஞானம். அதன் கீழே நீ ஒரே வரி போட்டாய்: "ஓடுதா இல்லியா, அத்த சொல்லு ப்ரோ." எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சண்டை போட இன்பாக்ஸுக்கு வந்தவன்தான் நான். ஏரியா விசாரித்தால் நீ பொழிச்சலூர், நான் சானடோரியம். அடுத்த வெள்ளிக்கிழமையே பல்லாவரம் சந்தையில் நின்றோம். திருமுடிவாக்கத்தில் உன் கம்பெனிக்கு வெள்ளிதான் வார லீவு. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மதியம் வரை லாகின் செய்ய வேண்டியதில்லை.

தார்ப்பாயில் ரிமோட், சார்ஜர், குழாய்த் திருகு எல்லாவற்றுக்கும் நடுவே வாட்ச்சுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மறுபடியும் காதில் வைத்தேன்.

"இன்னாப்பா, டாக்டரு கணக்கா வெச்சு வெச்சுப் பாக்கற? அதுக்கு இன்னா ஜொரமா கீது?" என்றார் கடைக்காரர்.

"நீங்க கண்டுக்காதீங்கண்ணா. இவன் கை வெச்சா பேஷன்ட் காலி" என்று சொல்லிக்கொண்டே நீ குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை இழுத்தாய். வெள்ளை டயல், கறுப்பு எண்கள். அந்தக் காலத்தில் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்து, வீட்டுக்கு வீடு மாப்பிள்ளை கையில் கட்டிய வகை. குமிழை இரண்டு சுற்றுச் சுற்றினாய். விநாடி முள் கிளம்பிவிட்டது.

"பார்ரா. ரெண்டே சுத்து. கேள்வியே கேக்காம கெளம்புது."

"டயல்ல கறை இருக்குடா."

"என் மூஞ்சிலயும்தான் இருக்கு. வூட்ல வெச்சுக்கல?"

உன் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதற்கு முன் கட்டிய ஸ்மார்ட் பேண்ட், கூலண்ட் பட்டு இரண்டு மாதத்தில் செத்துவிட்டது. இந்தக் கிழ வாட்ச் சாகவில்லை. ஒருநாள் ஸ்ட்ராப்பின் பின் கழன்று மெஷினிலிருந்து தரையில் விழுந்திருக்கிறது. அன்று நீ குரூப்பில் போட்டது: "கீழ விழுந்துச்சு. எடுத்தேன். ஓடிக்கினு இருந்துச்சு. ரிவ்யூ முடிஞ்சது." ஆயிரம் வார்த்தையில் எழுதுகிற என் ரிவ்யூவுக்குக்கூட அத்தனை லைக் விழுந்ததில்லை.

அதற்கு ஒரு கோளாறு இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வேகமாக ஓடும். உனக்கு அது கோளாறே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது பள்ளிவாசல் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைப்பாய். அதோடு சரி. தினமும் சாவி மட்டும் கொடுப்பாய், முள்ளைத் தொட மாட்டாய். சனிக்கிழமை இரண்டு நிமிடம், ஞாயிறு நான்கு என்று சேர்ந்துகொண்டே போகும். "வெள்ளிக்கெழமை நான் சாதா மனுஷன் மச்சான். வியாழக்கெழம ஊருக்கே பன்னெண்டு நிமிஷம் முன்னால நிக்கறேன்" என்பாய். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் கம்பெனி வாசலில் நின்று ஒரு டீயை அவசரமில்லாமல் குடிப்பாயாம். வாரத்திலேயே ருசியான டீ அதுதான் என்பாய்.

எனக்கு அது பொறுக்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு வியாதி. ஓடுகிற வாட்ச்சை ஓட விட முடியாது. கண்ணாடிக் கீறலுக்கு டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லி நீ கொடுத்தாய். நான் தேய்த்தேன், கூடவே பின்மூடியையும் திறந்தேன். உள்ளே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஊசி போல ஒரு நெம்பு இருக்கும். அதைத் துளி நகர்த்தினேன். டிக் டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் கணக்குப் போடும் ஆப்பில் பார்த்தால், நாளைக்கு வெறும் நான்கு விநாடி! வீட்டில் குதித்தேன். நெம்பு முன்னால் இருந்த இடம், இப்போது இருக்கிற இடம் என்று இரண்டு படம் எடுத்து குரூப்பில் போட்டேன்.

"இனிமே உன் வாட்ச் ரயில்வே டைம்டா" என்று உன் கையில் கட்டிவிட்டேன்.

நீ ஒரு கணம் டயலைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சூப்பர் மச்சான்."

அதற்கு மூன்றாவது வாரம் ஒரு மழைக் காலையில், அனகாபுத்தூர் தாண்டி, ராங் சைடில் வந்த வேன் உன் வண்டியை அடித்தது. அன்று வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அக்கா வாட்ச்சை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தடியிலும் எனக்கு டிக் டிக் கேட்டது. மணி என்ன காட்டுகிறது என்று நான் பார்க்கவில்லை. என் தலைக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நான்தானே பிடுங்கினேன்? நேரமாகிவிட்டது என்று நீ வண்டியை முறுக்கியிருப்பாய். வாட்ச் பழைய வேகத்தில் ஓடியிருந்தால் அந்த வேன் வருவதற்குள் நீ வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பாய். மறுநாள் உன்னை அடக்கம் செய்த ஜனாஸாவில் கடைசி ஆளாக நின்றேன். அதன்பின் உங்கள் தெருப் பக்கமே போகவில்லை. குரூப்பிலிருந்தும் வெளியேறினேன். என் பதினோரு வாட்ச்சுக்கும் சாவி கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போன மாதம் உன் அக்காவே வீடு தேடி வந்தாள். மூக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை நீட்டினாள்.

"என்னப்பா, வழி மறந்துடுச்சா? போன் பண்ணாக்கூட எடுக்கல."

"வேலைக்கா."

"சரி. அத்தா, புள்ள ஞாபகமா அவன் வாட்ச்சக் கட்டிக்கணும்ன்றாரு. சாவி குடுத்தா ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படறாரு. நீ ஒரு தடவ பாத்துட்டு, புது ஸ்ட்ராப் போட்டுக் குடு."

இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை எடுத்தேன். கண்ணாடியில் நீளமாகப் புதுக் கீறல் ஒன்று. குமிழை இரண்டு சுற்றுச் சுற்றினேன். கேள்வியே கேட்காமல் கிளம்பிவிட்டது மச்சான். நான் அங்கேயே உடைந்துவிட்டேன்.

பழக்க தோஷம், ஆப்பில் வைத்தேன். நாளைக்கு நூற்றுப் பதினெட்டு விநாடி வேகம் என்றது. நான் நான்கில் அல்லவா வைத்தேன்? அடிபட்டதில் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று பின்மூடியைத் திறந்தேன். எதுவும் கெடவில்லை. நெம்பு மட்டும் இடம் மாறியிருந்தது. போனில் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெருமைக்கு நான் குரூப்பில் போட்ட அந்த முதல் படத்தில் நெம்பு எங்கே இருந்ததோ, அதே இடம். பின்மூடியின் விளிம்பில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்படியே மூடி, உங்கள் வீட்டுக்கு வண்டியை விட்டேன். அத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவிடம் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னாலதான்கா அவன் லேட்டா..." என்று சொல்லும்போது தலைக்கு மேல் விமானம் இறங்கியது. ஏர்போர்ட்டை ஒட்டிய உங்கள் ஊர் வழக்கப்படி அக்கா அது போகும்வரை காத்திருந்தாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை, சத்தத்துக்குள்ளேயே மீதியையும் சொல்லி முடித்தேன். அவளுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

"லூசு," என்றாள். "நீ குடுத்த மறுவாரமே அவன் பொலம்ப ஆரம்பிச்சுட்டான். 'கரெக்ட் டைம் காட்டுதுக்கா, ஒரே பேஜாரா கீது, டீ குடிக்கக்கூட முடில'ன்னு. என் காய் நறுக்கற கத்திய எடுத்துக்கினு போய்த் தொறந்தான். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்."

"ஏன்கா?"

"'ஆசையா செஞ்சான்க்கா, மூஞ்சி சுருங்கிடும்'னான்."

அவளே தொடர்ந்தாள்: "அன்னிக்கு அவன் லேட்டே இல்லப்பா. எட்டு மணி ஷிப்டுக்கு ஏழேகாலுக்கே கெளம்பிட்டான். மழை, மெதுவாத்தான் போவேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

என் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. மூன்று மாதமாக உன் சாவுக்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உன்னோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே கிளம்பி, மெதுவாகவே போய், நீ இல்லாமல் போனாய். இதை எந்த நெம்பை நகர்த்திச் சரிசெய்ய?

பழைய ஸ்ட்ராப்பைக் கழற்றி நான் வைத்துக்கொண்டு, புது ஸ்ட்ராப் போட்டு அத்தாவின் கையில் கட்டினேன். கீறலைத் தேய்க்கவில்லை, நெம்பைத் தொடவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் டைம் வைங்க அத்தா. மத்த நாள்ல சாவி மட்டும் போதும்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. மாலை அங்கே போயிருந்தேன். அத்தா வாட்ச்சைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

"பள்ளிவாசல்ல இன்னும் பாங்கே சொல்லலியே அத்தா" என்றாள் அக்கா.

"என் புள்ள வாட்ச்சுல சொல்லியாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாரும் வராத பள்ளிவாசலில் பன்னிரண்டு நிமிடம் தனியாக உட்கார்ந்திருப்பாராம். வாரத்தில் இன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அக்காவிடம் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது உன் ஸ்ட்ராப்பை என் வாட்ச்சில் மாட்டிக் கட்டிப் பார்த்தேன். நீ போடும் ஓட்டை விரிந்து கிடக்கிறது. என் மணிக்கட்டுக்கு அது பெரிது, வாட்ச் தொளதொளவென்று சுற்றுகிறது. அடுத்த ஓட்டையில் போட்டால் சரியாக இருக்கும். போடவில்லை. இதைக் கட்டியிருக்கும்போது நான் அந்தக் கையைக் கழுவப்போவதும் இல்லை மச்சான்.