கொழுந்து இல்லாத தூள்

அன்புள்ள அப்பாவுக்கு, ஐதராபாத்திலிருந்து ஜீவா. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? தேயிலைக் கொழுந்து விலை இன்னும் ஏறவில்லை, ஃபாக்டரியில் பாதி நாள்தான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுவிட்டார்கள். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்; நான் எழுதிய புரோகிராமைப் புதுக் கம்பைலரில் மாற்றிவிட்டேன். ஆனால் வெளியே வாங்கிச் சேர்த்த ஒரு பகுதி, பழைய கம்பைலரில் செய்தது. இதோடு சேர மறுக்கிறது. அதை எழுதிய மூலம் இருந்தால் திரும்பச் செய்துவிடலாம். விற்ற கம்பெனியையே மூடிவிட்டார்கள். கையில் இருப்பது தூள், கொழுந்து கிடையாது. கொழுந்தை உலர்த்தும் ட்ரையரில் நிற்கும் உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மாதக் கடைசிக்குள் ஓடாவிட்டால் இந்த வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். எங்களை வேறு எதிலாவது போடுவார்கள் என்கிறார்கள். கூட வேலை செய்யும் கோயம்புத்தூர் பிரீத்தி, "ஏனுங்க ஜீவா, இதுக்குப் போயி சாப்புடாம இருப்பீங்களா?" என்று சிரிக்கிறாள்.

தோட்டத்துத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். ஏசியில் குளிருகிறது, அம்மாவின் பழைய ஸ்வெட்டரும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை விட்டுவிட்டு இருவரும் என்னோடு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். வீட்டுச் சாவியை மட்டும் இப்போதைக்கு எஸ்டேட்டில் ஒப்படைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
ஜீவா