ஒரு மௌத்பீஸ், இரண்டு வாய்

1934 ஜூன் 7, வியாழன்.

மூன்று தடவை வாய் கொப்பளித்தாயிற்று. இன்னும் புகையிலை நாற்றம் போகவில்லை.

இன்று மயிலாப்பூரில் ஜானவாச ஊர்வலம். எங்கள் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர்கள் இரண்டு பேர், நானும் ரத்தினமும். மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்த பிறகு ரத்தினம் சொல்கிறான், டிரம்பெட் முனையில் செருகி ஊதுகிற மௌத்பீஸை வீட்டிலேயே வைத்துவிட்டானாம். வெற்றிலை புகையிலைப் பொட்டலத்தை மட்டும் மறக்கவில்லை.

பேண்ட் மாஸ்டர் என்னைப் பார்த்தார். "உன்னுதுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊதுங்க நைனா. ஒருத்தன் சும்மா நின்னுக்கினு இருந்தா பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

வெள்ளி முலாம் பூசிய என் சொந்த மௌத்பீஸ். தினம் வெந்நீரில் கழுவித் தனித் துணியில் சுற்றி வைக்கிறேன். அதை நாலு மாட வீதியிலும் கழற்றிக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் விளிம்பில் சிவப்புச் சாறோடு திரும்பி வந்தது. அவன் கண்ணெதிரே கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். அவனுக்கு உறைக்கட்டும் என்றுதான். பிறகு குமட்டலை விழுங்கிக்கொண்டு ஊதினேன்.

கடைசி வீதி திரும்பும்போது தற்செயலாகப் பார்த்தேன். நான் கொடுத்ததை வாங்கியவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உதட்டைச் சுளித்தபடி, சட்டைக் கையில் தேய்த்தான். ஒன்றுக்கு இரண்டு தடவை தேய்த்தான்.

அந்த வாய்க்கு என் எச்சில் அசிங்கமாம்.

ஆனாலும் அவன் இத்தனை நேரமும் நான் பார்க்காதபடிதான் துடைத்திருக்கிறான். அதைத்தான் கொப்பளித்துத் துப்ப முடியவில்லை.