சந்தையில் இறந்த அப்பா

நவம்பர் 18, செவ்வாய்

குளிர். காதுக்குள் ஊசி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். அதற்கும் மேல் பட்டுப்புடவை கட்டச் சொல்லி எங்கள் இயக்குநர் சரவணனின் யோசனை. "கலர்ஃபுல்லா இருந்தா மைண்ட்ல நிப்பீங்கக்கா." போடா என்றேன்.

திரைப்படச் சந்தை என்று பெயர். வந்ததிலிருந்து ஒரு படம்கூடக் கண்ணில் படவில்லை. பெரிய கூடம், வரிசையாக மேசைகள். காசு போடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் போன்ற சின்னத் தயாரிப்பாளர்கள் கதையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டும். மணி அடித்தால் எழுந்து அடுத்த மேசை. பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி மட்டும் இல்லை.

எல்லார் கழுத்திலும் அட்டை. எதிரே வருகிறவர் முதலில் அட்டையின் நாடாவைப் பார்க்கிறார், பிறகுதான் முகம். பச்சை நாடா என்றால் காசுள்ளவர். எங்களுக்குச் சாம்பல் நிறம். அதைப் பார்த்ததும் அவர் கண் என் தோளுக்கு மேலே வேறு யாரையோ தேடப் போய்விடுகிறது. வாய் மட்டும் சிரித்தபடி இருக்கும். அருவருப்பு.

மதியம் பயிற்சி வகுப்பு. கதையை எப்படி விற்பது என்று சொல்லித்தர ஒரு ஆள், கழுத்தில் சால்வை. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "உங்கள் காயம் எங்கே?"

எங்கள் கதையைச் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓய்வு பெற்ற ஒரு பிரஸ் ஆபரேட்டர், தகடு வெட்டும் மெஷின்காரர், ஆசை ஆசையாகப் பழைய கார் வாங்குகிறார். அவர் சந்துக்குள் கார் திரும்பாது. மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தினமும் போய் அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மெல்ல மெல்ல அக்கம்பக்கம் எல்லாம் அதில் வந்து உட்கார ஆரம்பிக்கிறது. சிரிப்புப் படம். சரவணனின் அப்பா முனுசாமியின் கதைதான், அப்படியே.

சால்வை தலையாட்டியது. "இனிமையாக இருக்கிறது. ஆனால் காயம்?"

நவம்பர் 19, புதன்

இன்று மேசைகளில் கேட்டவை:

"ஜாதிப் பிரச்சினை எதுவும் இல்லையா?"

"அவர் ஏன் சந்தோஷமாக இருக்கிறார்?"

"மகளுக்கு ஏதாவது நடக்குமா?"

"கார் எரியுமா?"

ஒருத்தர் போனை நோண்டிக்கொண்டே கேட்டார். மணி அடித்ததும், "அற்புதம், தொடர்பில் இருப்போம்." எல்லா மேசையிலும் இதேதான். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. ராஜபாளையத்தில் இருக்கும் அம்மாவைப் பொறுத்தவரை மகள் வெளிநாட்டில் சினிமா எடுக்கிறாள்.

மாலை ஒயின், சீஸ். காலுறை நாற்றம் அடிக்கும் ஒரு சீஸ். நம் ஊர்த் தயாரிப்பாளர் ஒருவர், பெரிய ஆள், தோளில் தட்டிச் சொன்னார்: "சிரிப்பை எல்லாம் ஊர்லயே வச்சிட்டு வாங்கம்மா. இவங்க அழுறதுக்குத்தான் டிக்கெட் போட்டு வர்றாங்க." பக்கத்தில் நின்ற சரவணன் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான். என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மேடை. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். நான் கதையைச் சொல்லி முடித்தேன். இயக்குநர் ஏன் இந்தப் படம் எடுக்கிறார் என்று சரவணன் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அதைச் சொல்லவில்லை.

"என் அப்பா இந்தக் காரில் ஒருநாள்கூட உட்காரவில்லை. ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது மெஷினில் சிக்கி இறந்துவிட்டார். அவர் வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கைதான் இந்தப் படம்."

முன் வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

எனக்குக் கொடுத்த மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

இறங்கியதும் வரிசை. பச்சை நாடாக்கள். நேற்று போன் நோண்டியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இங்ரிட் என்று ஒருத்தி, நரைத்த கிராப்பு, கூட்டுத் தயாரிப்பாளர். படங்களுக்குக் காசு தரும் அவள் நாட்டு நிதிக் குழுவில் எங்கள் படத்தைக் கொண்டுபோய் வைப்பாளாம். சரவணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். நிஜமாகவே கண்ணீர், சீ.

அறைக்கு வந்து, ஏன்டா இப்படி ஒரு பொய் என்று கேட்டேன். "எங்கப்பாதானக்கா. அவருக்கு இன்னா ஆயிடப் போவுது?"

நவம்பர் 23, ஞாயிறு

சென்னைக்குத் திரும்பிவிட்டேன், அம்பத்தூர் பக்கம் மேனாம்பேடு. மழை. ஃபிளாட் வாசலில் கணுக்கால் தண்ணீர், அதில் ஒரு ஒற்றைச் செருப்பு மிதக்கிறது. பால் இல்லை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. துணி காயாது.

பதினோரு மணிக்குக் காலிங் பெல். முனுசாமி அண்ணன். லுங்கியை மடித்துக் கட்டி, குடை, கையில் தூக்கு.

"படம் ஓகே ஆயிடுச்சாமே கண்ணு! பையன் சொன்னான். வூட்ல கன்னியம்மா நண்டு கொயம்பு குடுத்து உட்டா. சூடா கீது, துன்னு."

காரின் டயர் வரை தண்ணீர் வந்துவிட்டதாம். உள்ளே வரவில்லையாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

செத்துப்போன மனிதர் கொண்டுவந்த நண்டுக் குழம்பு. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து என் மேல் வெறுப்பு.

நவம்பர் 28, வெள்ளி

இங்ரிட்டிடமிருந்து மெயில். வேறொரு சந்தைக்காக இந்தியா வருகிறாளாம். ஒருநாள் சென்னை. "அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அவர் மனைவியின் கையைப் பிடிக்க வேண்டும்."

சரவணனை எஸ்டேட் டீக்கடைக்கு வரச்சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா படம் அவ்ளோதான்க்கா."

"போகட்டும்."

"உங்களுக்கு இன்னொரு படம் கெடைக்கும். எனக்கு? சிரிப்புக் கதைய தூக்கினு எத்தினி ஆபீஸ் ஏறி எறங்கனேன், ஒர்த்தன் ஒக்கார சொன்னானா? சாவ சொன்னேன், கதவு தொறந்துச்சு."

"உயிரோட இருக்கிற மனுஷன்டா அவர்."

"மைக்கு உங்க கைலதானக்கா இருந்துச்சு? சும்மாதான நின்னுகினு இருந்தீங்க?"

டீ ஆறி ஏடு கட்டியது.

மாலை: கேஸ் புக் செய்ய வேண்டும். குடைக்கம்பி. இங்ரிட்டுக்கு ஹோட்டல், பூந்தமல்லி ஹைவே பக்கமா, ஊருக்குள்ளா? அவளுக்குப் பால் ஆகாதாம்.

டிசம்பர் 3, புதன்

வெயில், புழுக்கம். சரவணன் வீட்டுக்குப் போனேன். அங்கே கண்டதை எழுதவே கை கூசுகிறது.

முனுசாமி அண்ணனின் ரிடையர்மென்ட் விழாப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை மாட்டி, மேலே ஒரு சிவப்பு பல்பும் எரியவிட்டிருக்கிறான். அதற்கு நேர் கீழே நாற்காலியில் அவர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை இன்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறான்.

"சோக்கா கீறேன்ல? இதுல முடி கூட கீது." என்னிடம் சிரித்தார். பிறகு மகனிடம், "ஆமா, நான் எப்புடிடா செத்தேன்?"

"மெஷின்ல மாட்டிகினுப்பா."

"எந்த மெஷினு?"

"பவர் பிரஸ்ஸு."

கடலை உரிப்பது நின்றது. இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். "பார்த்துக்க கண்ணு. பத்தும் கீது. எங்க செட்ல பத்து வெரலோட வெளிய வந்தவன் நான் ஒர்த்தன்தான். என்னிய போய் மெஷின்ல மாட்டி உட்டுட்டியேடா. ஹார்ட் அட்டாக்னு சொல்லக் கூடாது?"

செத்ததில் வருத்தமில்லை அவருக்கு. செத்த விதத்தில்தான். நான் சிரித்துவிட்டேன்.

கன்னியம்மா அக்கா உள்ளேயிருந்து வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைக் கழற்றி, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இறங்கும்போது சரவணன் பிடிக்கப் போனான். கையைத் தட்டிவிட்டார்.

டிசம்பர் 5, வெள்ளி

முழுக்க எழுத வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலை ஒன்பது. சரவணன் வீட்டில் பெரிய டிவியைக் காணோம், பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். ஃப்ரிட்ஜுக்கு மேல் பழைய போர்வை. ஏழ்மை போதவில்லையாம். படம் மறுபடி நேராக, மாலையோடு, பல்போடு. முனுசாமி அண்ணனை ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறான்.

சமையலறை வாசலில் சரவணன். "ஒரு மணி நேரந்தாம்மா. தாலிய உள்ள போட்டுக்கோ. பொட்டு மட்டும்."

"வெள்ளக்காரிக்கு பொட்டுல்லாம் இன்னாடா தெரியும்?"

"போட்டோ எடுப்பாம்மா. கமிட்டில நம்ம ஊருகாரங்களும் கீறாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு நீ. நீ இன்னாம்மா சொல்றே?"

வேண்டாம் சரவணா என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கோசரம்." அவர் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தும் லேசாகச் சிவப்பு நின்றது. வெளியே போய் நின்றேன்.

ஒரு மணிக்கு இங்ரிட் வந்தாள். நல்லவள்தான், அதுதான் கொடுமை. செருப்பைக் கழற்றினாள், கும்பிட்டாள். வரும் வழியில் தேங்கிய சாக்கடையை நாலு கோணத்தில் படம் எடுத்து "என்ன அழகு" என்றாள். மாலை போட்ட படத்தின் முன் கண்ணை மூடி நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"அவர் இல்லாமல் எதை நினைத்து அதிகம் ஏங்குகிறீர்கள் என்று கேள்."

கேட்டேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், நிதானமாக:

"அவரு அயப்பன்தாங்கலு போவல. கார்ல குந்திகினு கீறாரு. காலையிலேந்து ஒண்ணும் துன்னல, சுகர் மாத்திர வேற போடணும். மணி ரெண்டாவுது. இத்த சொல்லும்மா அந்தம்மா கைல."

சரவணன் கண்ணால் கெஞ்சினான். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அவர் சிரிப்பை" என்று சொல்லியிருந்தால் போதும், இங்ரிட் அழுதிருப்பாள்.

அப்படியே மொழிபெயர்த்தேன். கார், மாத்திரை, இரண்டு மணி, எல்லாம்.

இங்ரிட் கையை விடவில்லை. அதிர்ச்சியும் இல்லை. பெருமூச்சு விட்டு லேசாகச் சிரித்தாள். மேடையிலேயே சந்தேகம் வந்ததாம். "சந்தைக்கு வந்தால் எல்லாருடைய அப்பாவும் இறந்துதான் இருப்பார்" என்றாள். "குழுவுக்குக் கதை பிடித்துவிட்டது. ஃபைலில் எதையும் மாற்றாதே. மாலை போட்ட அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இந்த அம்மா நிற்கிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் போதும்."

சரவணன் முகத்தில் உயிர் வந்தது.

"இன்னா சொல்றா?" என்று அக்கா கேட்டார். இதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. எந்தத் தமிழில் சொல்வது?

அவர் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். டப்பாவில் சோறு, தண்ணீர் பாட்டில், மாத்திரை. வாசல் கண்ணாடி முன் நின்று குங்குமத்தை எடுத்து, எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு, காரை நோக்கி நடந்தார். இங்ரிட் பின்னாலிருந்து படம் எடுத்தாள்.

டிசம்பர் 6, சனி

மறுபடி தூறல். தலைவலி. இங்ரிட் போய்விட்டாள். "திங்கள்கிழமைக்குள் இறுதி ஃபைல் வேண்டும்" என்று மெயில். சரவணனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால்.

மதியம் முனுசாமி அண்ணன் வந்தார். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு. படம் தேட்டருக்கு வந்தா நான் வர்லாமா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"பையன் வாணான்றான். பேப்பர்காரங்க இருப்பாங்களாம். ஒரு வருசம், ரெண்டு வருசம் போவட்டும்பா, அப்பால பார்த்துக்லாம்னான்." குடைக்காம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். "எஸ்டேட்ல எங்க ஆளுங்க அத்தினி பேரு கைலயும் சொல்லி வச்சிகீறேன், என் கத சினிமாவா வருதுன்னு. அவனுங்க உள்ள குந்திகினு என்னிய பார்த்து சிரிப்பானுங்க. நான் வெளிய நிக்கணுமா?"

கேட்டுவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"நீங்க முதல் வரிசை" என்றேன். நம்பாமல்தான் போனார்.

இங்ரிட்டுக்கு எழுதவில்லை. நேராக நிதிக் குழுவுக்கே மெயில் எழுதினேன். இயக்குநரின் அப்பா உயிரோடு இருக்கிறார். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் இருக்கிறார். எந்த மெஷினும் அவரைத் தொட்டதில்லை. படம் அவரைப் பற்றியது, சிரிப்புப் படம். மேடையில் சொன்னது பொய், தயாரிப்பாளரான நான் பக்கத்திலேயே நின்றேன்.

அனுப்பிவிட்டேன். இனி எந்தப் பச்சை நாடாவும் என் பெயரைக் கேட்டால் எழுந்து போய்விடும். அவர்கள் காசில் இந்தப் படம் வராது. வேறு காசு எங்கே என்றும் தெரியவில்லை.

கீழே பைக் சத்தம். சரவணன். படியில் ஏறி வருகிறான். நானே கதவைத் திறக்கப் போகிறேன்.